உன் மாமாவின் வண்டியில் அணைந்த விளக்கு

தம்பி,

நேற்று நீ போனை வைத்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஓசூர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து நீ இன்னும் சரியாகக் கால் ஊன்றவில்லை. அதற்குள் மெஷினைக் கெடுத்துவிட்டான் என்று கூட வேலை பார்க்கிறவன் மேல் ஒரு பழி விழுவதைப் பார்த்துவிட்டு, தப்பு அவனுடையதல்ல என்று தெரிந்தும், சூப்பர்வைசர் எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்டபோது வாயைத் திறக்க முடியாமல் நின்றிருக்கிறாய். "தெரியும்மா, ஆனா சத்தம் வரல" என்றாய். நான் உடனே ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாய். நானும் உன்னைப் போலவே பேசாமல் இருந்தேன். அந்தத் தொண்டை உனக்கு என்னிடமிருந்து வந்தது, வேறு யாரிடமிருந்தும் இல்லை. அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், நான் பாதியில் நிறுத்த மாட்டேன்.

உன் மாமாவை உனக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் அவர் குரல்தான் கேட்கும். அவர் ஒரு காலத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார் என்று சொன்னால் நம்ப மாட்டாய். சுனாமி வந்துபோன அடுத்த வருஷம் அது. எனக்குப் பதினாறு முடிந்திருந்தது. திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் உன் தாத்தாவின் ஆட்டோ எலெக்ட்ரிக் கடை இருந்தது, கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. ஒன்பதாவது முடித்ததும் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகி, சமைக்க ஆள் வேண்டும் என்று ஊரில் எல்லாருக்கும் சொன்னோம். அது உண்மைதான். ஆனால் இனிமேல் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்க வேண்டியதில்லை என்பதில் எனக்கு இருந்த நிம்மதியை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடையில் தாத்தாவோடு கூட்டாக இருந்தவர் காதர் பாய். பரங்கிப்பேட்டைக்காரர், துபாயில் பெரிய ஒர்க்‌ஷாப்பில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வரும்போது எல்லாரும் டேப்ரிகார்டரும் கம்பளியும் கொண்டுவருவார்கள், இவர் கையளவு ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் வால் மாதிரி ஒரு ஒயர் தொங்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் பிளக்கில் அதைச் சொருகினால், புது மாடல் வண்டியின் கம்ப்யூட்டர் தன் உடம்பில் எங்கே கோளாறு என்று சொல்லிவிடும். ஒரு ஆங்கில எழுத்து, அதன் பின்னால் சில எண்கள், கீழே பொடி எழுத்தில் ஒரு வரி. காதர் பாய்க்குக் கிட்டத்தில் இருக்கும் பொடி எழுத்து தெரியாது. கண்ணாடி எப்போதும் வீட்டில் இருக்கும். "கண்ணாடியத் தேடறதுக்குள்ள வண்டிக்காரன் போயிடுவான், நீயே படிச்சிடு புள்ள" என்று என்னைக் கூப்பிடுவார். நான் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியை முக்கால்வாசி ஏற்றிக்கொள்வேன். வெளியே நிற்கிற ஆண்கள் யாருக்கும் என் முகம் சரியாகத் தெரியாது. அந்த இடைவெளி வழியாக எண்ணைச் சொல்லுவேன், வரியைச் சொல்லுவேன், அதோடு என் வேலை முடிந்தது.

என்னைக் கேட்டவர்கள் அவ்வளவுதான் கேட்டார்கள். நான் அதற்கு மேலும் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு எரியாத வண்டி வந்தால் வரியின் கடைசியில் பெரும்பாலும் இரண்டில் ஒரு சொல் வரும். 'ஓப்பன்' என்று வந்தால் கரண்ட் போகும் பாதை எங்கோ அறுந்திருக்கிறது, பல்பு பியூஸ் போயிருக்கலாம், ஒயர் விட்டிருக்கலாம். 'ஷார்ட்' என்று வந்தால் கரண்ட் பல்புக்குப் போகாமல் நடுவழியிலேயே வண்டியின் தகரத்தில் இறங்கிவிடுகிறது. அப்போது கம்ப்யூட்டர் தீப்பிடிக்காமல் இருக்க அந்த விளக்குகளைத் தானே அணைத்துவிடும். வரியின் ஓரத்தில் இன்னொரு சின்னச் சொல்லும் இருக்கும். கோளாறு இந்த நிமிஷம் இருக்கிறதா, எப்போதோ வந்துவிட்டுப் போனதா என்பதை அது சொல்லும். அந்தச் சொல்லை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. ஆனால் காருக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவளுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது?

உன் மாமா அப்போது பாலு முதலாளியின் டிராவல்ஸில் டிரைவர். முதலாளியிடம் ஒரு வெள்ளை நிற வெளிநாட்டுக் கார் இருந்தது. கடலூர், நெல்லிக்குப்பம், சிதம்பரம் எங்கே மாப்பிள்ளை அழைப்பு என்றாலும் அந்த வண்டியைத்தான் கேட்பார்கள். உடம்பு முழுக்கப் பூச்சரம் கட்டி, பின்சீட்டில் மாப்பிள்ளையை உட்காரவைத்து, நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்ட வேண்டும். மாமா அதில் கெட்டிக்காரர். சிதம்பரத்தில் ஒரு அழைப்பு அன்று, கீழவீதியில் பொழுது சாய்கிற நேரத்தில் வண்டியின் பின்பக்க விளக்குகள் மொத்தமாக அணைந்துவிட்டன. முன்னால் மேளக்காரர்கள் நின்றதும் மாமா பிரேக் பிடித்திருக்கிறார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரனுக்கு அது தெரியவில்லை, நேராக வந்து மோதிவிட்டான். யாருக்கும் அடி இல்லை. ஆனால் மாப்பிள்ளையின் மாலை அறுந்து மடியில் விழுந்துவிட்டது. பெண் வீட்டுக்காரர்கள் சகுனம் என்றார்கள், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் முதலாளிக்குப் போன் போட்டுக் காது கூசப் பேசினார்கள்.

மறுநாள் வண்டி நம் கடைக்கு வந்தது. நான் படித்தேன், பின்விளக்கு, ஷார்ட். உன் தாத்தாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கார் வந்தாலும் முதலில் பானெட்டையும் டிக்கியையும் திறந்துவைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. அந்த வண்டியில் டிக்கிக்கு உள்ளிருந்துதான் பல்பைக் கழற்ற முடியும், அதனால் அது திறந்தேதான் கிடந்தது. பல்பை மாற்றினார், ஹோல்டரைச் சுத்தம் செய்தார், எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தது. குறியீட்டை அழித்து, டிக்கியை மூடி அனுப்பிவைத்தார். நெல்லிக்குப்பம் தாண்டுவதற்குள் விளக்கு போய்விட்டது. திரும்ப வந்தது, திரும்பத் திறந்தார், எரிந்தது. மறுபடி போனது, மறுபடி அணைந்தது. கடையில் நிற்கும்போது ஒரு குறையும் இல்லை, ரோட்டில் இறங்கினால் இருட்டு. பகலில் யார் வண்டிக்குப் பின்னால் போய் விளக்கைப் பார்க்கிறார்கள்? மூடுவதற்கு முன்பே பார்த்துத் திருப்தியாகிவிடுவார்கள், மூடியதும் வண்டி கிளம்பிவிடும்.

பாலு முதலாளி இதிலிருந்து ஒரு கணக்குப் போட்டார். கடையில் எரிகிறது, ஓட்டும்போது எரியவில்லை என்றால், ஓட்டுகிறவன் கைதான். டிரைவர் எலெக்ட்ரீஷியன் மகன் வேறு. பாட்டுப் பெட்டி மாட்டுவதற்கோ எதற்கோ ஒயரை வெட்டி உள்ளே ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டார். மாமாவுக்குப் பாட்டுப் பைத்தியம் என்பது கார் ஸ்டாண்டில் எல்லாருக்கும் தெரியும். பேச்சு ஸ்டாண்டு முழுக்கப் பரவியது. வேலை போவது ஒரு பக்கம், முதலாளி வண்டியில் ஒயரை வெட்டியவன் என்று பேர் வந்துவிட்டால் கடலூரில் யாரும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். அதைவிட மோசம், உன் தாத்தாவும் பாதி நம்பிவிட்டார். சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "உண்மையச் சொல்லிடு. கை வெச்சியா?" என்று கேட்டார். "யப்பா, நீயுமா?" என்று மாமா பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரே வீட்டில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

முதலாளி கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போவதற்காக ஒரு காலையில் நேரில் வந்தார். நான் எப்போதும் போல டிரைவர் சீட்டில், விளக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டு, மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். முதலாளி வருகிறார் என்றதும் காதர் பாய் டீ வரவழைத்தார். உட்கார ஒரு ஸ்டூல்தான் இருந்தது, டம்ளர் வைக்க இடமில்லை. அவர் டிக்கியை மூடி, அதன் மேல் ஒரு பேப்பரை விரித்து டம்ளர்களை அடுக்கினார். அந்த நேரத்தில் என் மடியிலிருந்த பெட்டியில் ஓரத்துச் சொல் மாறியது. 'முன்பு' என்று இருந்தது 'இப்போது' என்று ஆகியது. எனக்குப் புரியவில்லை. முதலாளி டீயைக் குடித்துவிட்டு, "சரி, காட்டு பாப்போம்" என்றார். தாத்தா டம்ளர்களை எடுத்துவிட்டு டிக்கியைத் திறந்தார். சொல் பழையபடி மாறியது. விளக்கு எரிவதைக் காட்டினார். "பாத்துக்குங்க, எரியுது. என் வேல சுத்தம்" என்று டிக்கியைப் படாரென்று மூடினார். சொல் மறுபடியும் 'இப்போது'. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெளியே பேச்சு தடித்துக்கொண்டிருந்தது. "ஒங் கடையில எரியறது எனக்கு எதுக்கு? எனக்குக் கீழவீதியில எரியணும்" என்றார் முதலாளி. "பையன நான் ஒண்ணும் போலீஸ்ல குடுக்கல. சாவிய வெச்சிட்டுப் போவச் சொல்லு." காதர் பாய் சமாதானமாக ஏதோ ஆரம்பித்தார். "பாய், நீங்க நடுவுல வராதீங்க. ஒங்க மெஷினே ஷார்ட்டுன்னு சொல்லுது. ஒயரு தானா போயி தகரத்துல ஒக்காருமா? யாரோ கை வெக்காம?" மகனை விட்டுக்கொடுத்தவர் போலத் தாத்தா தரையைப் பார்த்தார். மாமா கார் ஜன்னலுக்கு வந்து குனிந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அந்தச் சாவிய எடுத்துக் குடு பாப்பா" என்றார், என்னைப் பார்க்காமலே.

சாவியை எடுத்தால் பெட்டி அணைந்துவிடும், நான் பார்த்தது என்னோடு போய்விடும். சொல்ல வாயைத் திறந்தேன். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. வகுப்பில் எழுந்து நிற்கும்போது வருமே, அதே அடைப்பு. மாமா கையை உள்ளே நீட்டினார். நான் வேறு வழி தெரியாமல் இரண்டு கையையும் ஹாரன் மேல் வைத்து அழுத்தினேன். அழுத்தியவள் எடுக்கவில்லை. எதிர்க்கடை சேட்டு வெளியே வந்துவிட்டார், ரோட்டில் சைக்கிளில் போனவர் இறங்கிவிட்டார். "ஏய், யாரு அது, கையை எடு!" என்று தாத்தா ஓடிவந்தார். காதர் பாய், "யா அல்லா, இப்ப ஹாரனும் ஷார்ட்டா?" என்று தலையில் கைவைத்தார். நான் கையை எடுத்தேன். அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதியில், என் சின்னக் குரலே போதுமானதாக இருந்தது.

"டிக்கிய மூடிட்டு லைட்டப் பாருங்க" என்றேன்.

"என்னா?"

"தொறந்தா எரியுதுப்பா. மூடினா போவுது. நீங்க தொறந்தே வெச்சிக்கினு பாக்கறீங்க."

முதலாளிதான் முதலில் வண்டிக்குப் பின்னால் போனார். மூடிதான் இருந்தது, விளக்கு அணைந்திருந்தது. அவரே டிக்கியைத் திறந்தார். தாத்தா பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "எரியுது" என்றார். மூடினார்கள். "போச்சு." நான் உள்ளே விளக்குச் சுவிட்சை அணைக்காமல், பெட்டியைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் "இப்ப இருக்கு... இப்ப இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரல் எப்போது ஜன்னலுக்கு வெளியே போகிற அளவுக்கு ஏறியது என்று எனக்கே தெரியாது. கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டிருந்தேன், அதையும் பிற்பாடுதான் கவனித்தேன்.

தாத்தா டிக்கியின் ஓரத்து அட்டையைப் பிடுங்கி எடுத்தார். மூடி மடங்குகிற கீல் பக்கம், விளக்குக்குப் போகும் ஒயர்க்கொத்து வளைந்து ஏறும் இடத்தில், கம்பிகள் ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருண்டு கிடந்தன. பூக்காரர்கள் சரத்தை இழுத்துக் கட்டுகிற மெல்லிய கம்பி. கார் மேல் சரம் நிற்பதற்குப் பிடிமானம் வேண்டுமே, கீல் இடுக்கில் விட்டு முறுக்கிவிடுவார்கள். அழைப்பு முடிந்ததும் பூவை உருவிக்கொண்டு கம்பியை வெட்டி அப்படியே விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒன்று சேர்ந்து, டிக்கி மூடும்போதெல்லாம் நசுங்கி நசுங்கி, ஒயரின் தோலை அறுத்திருந்தன. ஒரு கம்பியில் காய்ந்த சாமந்தி இதழ் இன்னும் ஒட்டியிருந்தது. காதர் பாய் அந்தச் சுருளை வெளியே எடுத்துத் தூக்கிக் காட்டினார். "காக்காகூட இப்பிடிக் கூடு கட்டாது. முதலாளி, நம்ம ஜில்லாவுல பாதிக் கல்யாணம் இதுக்குள்ள இருக்கு பாத்துக்குங்க!" சைக்கிள்காரர் சிரித்தார், சேட்டு சிரித்தார், கடைசியில் முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உன் தாத்தா சிரிக்கவில்லை. மாமாவிடம் போய்த் தோளில் கைவைத்தார். "தப்பா கேட்டுட்டன்டா" என்றார், அத்தனை பேர் முன்னால். மாமா சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். முதலாளி என் பக்கம் வந்து கையை நீட்டினார். இப்போது நானே சாவியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் தன் பையில் போடாமல் மாமாவின் சட்டைப் பையில் போட்டார். "சிதம்பரத்துல அடுத்த அழைப்புக்கு நீதான் போற. ஸ்டாண்டுல எவனாவது எதனா சொன்னா, என்னாண்ட வந்து சொல்லச் சொல்லு" என்றார். பிறகு தாத்தாவைப் பார்த்து, "அன்னைக்கி ஒம் பொண்ணையும் கூட்டிக்கினு வா. பூ கட்டும்போது வண்டிகிட்ட நிக்கட்டும்" என்றார்.

தம்பி, அதற்குப் பிறகு நான் எத்தனையோ வண்டிகளைப் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் நம் கடைக்கு வருகிறவர்கள் குறியீட்டைப் படித்ததும் உடனே பல்பு வாங்க ஓடுகிறார்கள். பெட்டி எங்கே வலிக்கிறது என்று சொல்லும், ஏன் வலிக்கிறது என்று சொல்லாது. அதை நாம்தான் கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும், எப்போது வருகிறது, எப்போது போகிறது, யார் எதை மூடும்போது என்று. அதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, நீ பார்க்கிறவன்தான். பார்த்ததால்தான் அந்தப் பையன் மேல் தப்பில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொல்ல வந்தது வேறு. சத்தம் வந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருக்காதே. அது முன்கூட்டியே வராது. எனக்கு முதலில் வந்தது ஹாரன், பிறகுதான் குரல். உனக்கும் அங்கே ஏதாவது ஒன்று இருக்கும். மேஜையைத் தட்டு. கையைத் தூக்கு. அந்த மெஷினிடம் போய் நின்றுகொண்டு அவர்களைக் கூப்பிடு. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், முகம் சுடும், சொல்லிவிடு. நாளைக் காலை ஷிப்ட் ஆரம்பித்ததும் சொல்லிவிடு. அவன் வீட்டிலும் யாராவது அவனோடு பேசாமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

சிதம்பரத்துக்கு நான் போனேன். கல்யாண மண்டபத்து வாசலில் அந்த வெள்ளைக் கார் நின்றது. பூக்காரர் வாயில் கம்பியைக் கவ்விக்கொண்டு, கூடை கூடையாய்ப் பூவோடு வேலையில் இருந்தார். தாத்தாவும் மாமாவும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். அவர் டிக்கி இடுக்கில் கையை விடப் போவதைப் பார்த்தேன். சுற்றிலும் ஒரே கூட்டம், எல்லாம் புது முகங்கள், ஹாரனும் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

"அண்ணே, அந்த இடுக்குல கட்டாதீங்க. ஒயரு அறுந்துடும். பம்பர்ல கட்டுங்க" என்றேன்.

அவர் கம்பியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யாரும்மா? பொண்ணு வூடா, மாப்பிள்ள வூடா?"

"ரெண்டும் இல்ல. நான் காருக்கு லைட்டு பாக்கறவ."

அவர் கம்பியை இழுத்துப் பம்பரில் கட்டினார்.

நாதஸ்வரம் ஆரம்பித்தது. கீழவீதியில் நான் ஓரமாக நின்றேன். மாமா வெள்ளைச் சட்டையில், நிமிர்ந்து உட்கார்ந்து, மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வண்டியைப் பூப்போல ஓட்டிப் போனார். வண்டி என்னைக் கடந்தது. முன்னால் மேளக்காரர்கள் நிற்கவில்லை, குறுக்கே யாரும் போகவில்லை, பிரேக் பிடிக்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் உன் மாமா பிரேக்கை மிதித்தார். இரண்டு பக்கத்துப் பின்விளக்கும் சேர்ந்து, அத்தனை பூவுக்கும் நடுவில், சிவப்பாக எரிந்தது.